342 பேரில் தொடங்கிய போர்

1961 டிசம்பர் 11 அன்று சைகோன் ஆற்றின் வளைவில் 'கோர்' என்ற அமெரிக்கக் கப்பல் மெல்லத் திரும்பி நகருக்குள் வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானந்தாங்கியாக ஓடி, பிற்பாடு விமானங்களை ஏற்றிச் செல்லும் வேலைக்கு மாற்றப்பட்ட பழைய கப்பல் அது. தளத்தின் மேல் முப்பதுக்கும் அதிகமான ராணுவ ஹெலிகாப்டர்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றை ஓட்டவும் பழுதுபார்க்கவும் சுமார் 400 பேர் கூடவே வந்திருந்தார்கள். ஆற்றங்கரை ஹோட்டலில் காபி குடித்துக்கொண்டிருந்த பத்திரிகையாளர் ஸ்டான்லி கார்னோ, அருகிலிருந்த அமெரிக்க ராணுவச் செய்தித் தொடர்பு அதிகாரிக்குக் கப்பலைச் சுட்டிக்காட்டினார். அதிகாரி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, தன் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றாராம். கார்னோ பின்னாளில் எழுதிய இந்தச் சம்பவத்தை வேடிக்கையாகத்தான் எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த அதிகாரி தன் வேலையைச் சரியாகவே செய்தார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளாத ஒன்று கண்ணெதிரே வந்து நின்றால், அதைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அன்றைய கணக்கில் அமெரிக்கா வியட்நாமில் போர் செய்யவில்லை, 'ஆலோசனை' சொல்லிக்கொண்டிருந்தது. 1969 ஏப்ரலில் அங்கே 5,43,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். எல்லாம் முடிந்தபோது 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் பல லட்சம் வியட்நாமியர்களும் மடிந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய போருக்குள் ஒரு வல்லரசு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் வெகுகாலம் ஒரே பதில்தான் சொல்லப்பட்டது: உளைச்சேற்றில் இறங்கிய யானையின் கதை. ஒரு கால் புதைந்தது, அதை எடுக்க மறுகாலை ஊன்ற வேண்டியிருந்தது, அதுவும் புதைந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கேட்பதற்கு ஆறுதலான விளக்கம்தான், ஏனென்றால் இதில் குற்றவாளி என்று யாரும் இல்லை, சேறு மட்டுமே இருக்கிறது. 1971 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கிய பென்டகன் ஆவணங்கள், அரசின் ரகசிய ஆய்வாக இருந்த சுமார் 7,000 பக்கங்கள், வேறு கதையைச் சொல்கின்றன. ஒவ்வோர் அடியிலும் எதிரே என்ன இருக்கிறது என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். எச்சரிக்கையைப் படித்தவர்களும் இருந்தார்கள். படித்துவிட்டு, ஜெயிக்கப் போதாது என்று தெரிந்தும், இன்றைக்குத் தோற்காமல் இருக்கப் போதுமான அளவுக்கு மட்டும் ஒன்றைச் செய்தார்கள். 'போருக்குப் போகிறோம்' என்ற முடிவை எந்த அதிபரும் எடுத்ததாகத் தேதி குறிக்க முடியாது. நடுவில் இருந்த யோசனைக்கு ஒப்புதல் தரப்பட்டது, மறுபடி, மறுபடி. யானை சேற்றில் சறுக்கி விழவில்லை, ஆழத்தை அளந்துகொண்டேதான் நடந்தது என்பது என் வாதம். நடுநிலை போலத் தோற்றம் தரும் அந்த அலுவலக வழக்கம்தான் அதை நடத்திக்கொண்டு போனது.

தொடக்கம் பணத்தில்தான். 1950-ல் ட்ரூமன் அரசு, வியட்நாமில் காலனியைக் காக்கப் போராடிய பிரான்சுக்கு உதவத் தொடங்கியது. 1954-ல் தியன் பியன் பூ கோட்டை விழுந்தபோது பிரெஞ்சுப் போர்ச்செலவில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்கா கொடுத்தது. அந்த ஆண்டு ஜெனீவா உடன்பாடு நாட்டை 17-ஆவது அட்சக்கோட்டில் தற்காலிகமாகப் பிரித்தது. 1956-ல் பொதுத்தேர்தல் என்றது. வெளியிலிருந்து கூடுதல் ராணுவம் வரக் கூடாது என்றது. அந்த நேரத்தில் அங்கிருந்த அமெரிக்க ராணுவ உதவிக் குழுவின் அளவு 342 பேர். அதுவே உச்சவரம்பு ஆனது. தேர்தல் நடக்கவில்லை, நடத்த மறுத்த தெற்கு வியட்நாம் அதிபர் தியெம்முக்கு வாஷிங்டன் துணை நின்றது. 342 மட்டும் ஏட்டில் அப்படியே இருந்தது. இந்த உடன்பாட்டை மேற்பார்வையிட்ட பன்னாட்டு ஆணையத்துக்குத் தலைமை வகித்தது இந்தியா என்பது இன்று பலருக்கும் நினைவில்லை. கனடாவும் போலந்தும் மற்ற உறுப்பினர்கள். 1962 ஜூனில் இந்தியாவும் கனடாவும் சேர்ந்து கொடுத்த சிறப்பு அறிக்கை இரண்டு தரப்பையும் விட்டுவைக்கவில்லை. வடக்கு, தெற்கில் ஆயுதக் கிளர்ச்சியைத் தூண்டுகிறது. தெற்கு, அமெரிக்காவோடு நடைமுறையில் ராணுவக் கூட்டணியே வைத்துக்கொண்டிருக்கிறது. போலந்து இதை ஏற்கவில்லை. அறிக்கை கோப்பில் உறங்கியது. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. 1961 முடிவில் சுமார் 3,200, அடுத்த ஆண்டு முடிவில் 11,300, அதற்கடுத்த ஆண்டு 16,300.

இந்த ஏற்றத்துக்குக் காரணம் கென்னடியின் அறியாமை என்று யாரும் சொல்ல முடியாது. 1961 அக்டோபரில் அவர் அனுப்பிய ஜெனரல் மேக்ஸ்வெல் டெய்லர், சுமார் 8,000 தரைப்படையினரை அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். மீகாங் கழிமுகத்தில் அப்போது வெள்ளம். வெள்ள நிவாரணம் என்ற பெயரில் அவர்களை இறக்கலாம் என்பது திட்டம். வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால், இந்த வழியில் போனால் ஐந்தாண்டுகளில் மூன்று லட்சம் பேர் அந்த வயல்களிலும் காடுகளிலும் இருப்பார்கள் என்றார். அப்படி எதுவும் நடக்கப்போவதில்லை என்று கென்னடி அவரைக் கேலி செய்தார். ஆனால் அதே கென்னடி, படை அனுப்புவது மது குடிப்பது போல, ஏறிய போதை இறங்கியதும் அடுத்த கோப்பை கேட்கும் என்று தன் உதவியாளர் ஆர்தர் ஷ்லெசிங்கரிடம் சொன்னவர்தான். இரண்டையும் கேட்டுவிட்டு அவர் செய்தது என்ன? தரைப்படையை மறுத்தார், ஹெலிகாப்டர்களையும் ஆலோசகர்களையும் பல மடங்கு கூட்டினார். அதிகாரிகள் கேட்டதில் பாதியைக் கொடுத்தவர் தன்னை நிதானமானவர் என்று நம்பிக்கொள்ள இடமிருந்தது. அந்தப் பாதி எப்படி இயங்கியது என்பதற்கு பியன் ஹோவா விமானத் தளம் சாட்சி. 'ஃபார்ம் கேட்' என்ற ரகசியப் பெயரில் அங்கே வந்த அமெரிக்க விமானிகள், தெற்கு வியட்நாம் அடையாளம் தீட்டிய விமானங்களில் பறந்து குண்டு போட்டார்கள். பின்னிருக்கையில் ஒரு வியட்நாமியர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் இருந்தால் அந்தப் பறப்புக்குப் பெயர் பயிற்சி. இறங்கியிருந்தால் அது போர். ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கை பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பயிற்சி வீரரின் மேல் நின்றது.

1963 நவம்பரில் மூன்று வார இடைவெளியில் தியெம்மும் கென்னடியும் கொல்லப்பட்டார்கள். ஜான்சன் வந்தார். அடுத்த ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் 'மேடாக்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வடக்கு வியட்நாமியப் படகுகள் தாக்கின. இது 2-ஆம் தேதி, உண்மையாக நடந்தது. சில நாட்களுக்கு முன்புதான் அமெரிக்கா பின்னிருந்து இயக்கிய ரகசியப் படகுகள் வடக்கின் தீவுகளைத் தாக்கியிருந்தன என்பதை மக்களுக்குச் சொல்லவில்லை. 4-ஆம் தேதி இரவு இரண்டாவது தாக்குதல் என்றார்கள். அது நடக்கவே இல்லை. அங்கிருந்த கடற்படை அதிகாரியே சில மணி நேரத்துக்குள், வானிலைக் கோளாறும் ஒலிக்கருவியில் உட்கார்ந்தவர்களின் பரபரப்பும் காரணமாக இருக்கலாம் என்று செய்தி அனுப்பிவிட்டார். ஆனாலும் 7-ஆம் தேதி, தேவையான ராணுவ நடவடிக்கை எடுக்க அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கீழவையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவரும் இல்லை. செனட்டில் 88-க்கு 2. தீர்மானத்தின் வரைவு சில மாதங்களுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. சந்தர்ப்பம்தான் வர வேண்டியிருந்தது. பாட்டியின் இரவு உடையைப் போல அது எல்லாவற்றையும் மூடும் என்று ஜான்சன் சொன்னதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. அவர் அதே ஆண்டு அக்டோபரில் ஓஹையோவின் ஆக்ரன் நகரில், ஆசியப் பிள்ளைகள் தங்களுக்காகச் செய்ய வேண்டியதைச் செய்ய அமெரிக்கப் பிள்ளைகளை அத்தனை ஆயிரம் மைல் அனுப்பப் போவதில்லை என்று வாக்காளர்களுக்கு உறுதி சொன்னார். 61 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார்.

அந்தத் தேர்தல் நாள் 1964 நவம்பர் 3. அன்று காலை, மக்கள் வாக்குச்சாவடியில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், வில்லியம் பண்டி தலைமையில் அமைக்கப்பட்ட அதிகாரிகள் குழு வாஷிங்டனில் முதல்முறையாகக் கூடியது. வடக்கு வியட்நாமைத் தாக்குவது எப்படி என்பதுதான் பேச்சு. அந்தக் குழு மூன்று யோசனைகளைத் தயாரித்தது. 'ஏ' என்பது இப்போது இருப்பதைப் போலவே தொடர்வது. 'பி' என்பது எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் குண்டுமழை. 'சி' என்பது படிப்படியாக நெருக்குவது, நடுவே பேச்சுவார்த்தைக்கும் கதவைத் திறந்து வைப்பது. அலுவலகத்தில் கோப்பு தள்ளிப் பழகிய யாருக்கும் இந்த வித்தை புரியும். ஒரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டிருப்பது, மறுபக்கம் சீனாவோடு சண்டை வரும் அபாயம். நடுவில் பொறுமையும் உறுதியும் கலந்த ஒன்று. எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று தாளை அடுக்கும்போதே தெரிந்துவிடுகிறது. விலகுவது என்பதைப் பற்றிக் குழுவுக்குள் பேச்சு எழாமல் இல்லை. ஆனால் அதிபரின் மேசைக்குப் போன மூன்றில் ஒன்றாகக்கூட அது நிற்கவில்லை. டிசம்பர் 1-ல் ஜான்சன் 'சி'யின் முதல் கட்டத்துக்குத் தலையசைத்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, அந்த ஆசைக்கு அரசாங்க மொழியில் வைத்த பெயர்தான் 'சி'. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. நடு என்பது நிலையான இடம் அல்ல. இன்று நடுவில் இருப்பது ஒப்புதல் பெற்றவுடன், நாளைக்கு 'இப்போது இருப்பதைப் போலவே தொடர்வது' என்ற முதல் தாளாகிவிடும். நேற்றைய தீவிரம் நாளைய நடுவாகும். 1961-ல் 8,000 பேர் என்பது கென்னடியே மறுத்த அளவு. 1965-ல் 80,000 என்பதே குறைவாகத் தெரிந்தது.

1965 பிப்ரவரி 7 அதிகாலை, பிளேக்கு நகரத்தில் அமெரிக்கர்கள் தங்கியிருந்த தளத்தை வியட்காங் கெரில்லாக்கள் தாக்கினார்கள். 8 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி, வில்லியமின் தம்பி, அந்தச் சமயம் சைகோனில்தான் இருந்தார். அங்கிருந்தபடியே பதிலடி தர வேண்டும் என்று சொன்னார். பிளேக்குகள் டிராம் வண்டி மாதிரி, ஒன்று போனால் இன்னொன்று வரும் என்று பிற்பாடு அவரே ஒரு பத்திரிகையாளரிடம் விளக்கினார். அதாவது முடிவு காத்திருந்தது. காரணம்தான் வந்து சேர வேண்டியிருந்தது. மார்ச் 2-ல் 'ரோலிங் தண்டர்' என்ற தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. குண்டு போட விமானம் வேண்டும், விமானத்துக்குத் தளம் வேண்டும், தளத்துக்குக் காவல் வேண்டும். ஆறே நாளில், மார்ச் 8-ல், டா நாங் கடற்கரையில் 3,500 மரைன்கள் இறங்கினார்கள். கரையில் பள்ளிப் பெண்கள் மாலையோடு காத்திருந்தார்கள். ஜெனரல் ஃபிரெடரிக் கார்ச் கழுத்தில் மாலையோடு உம்மென்று நிற்கும் புகைப்படம் உலகம் முழுக்க அச்சானது. அவருக்கு வந்திருந்த உத்தரவு தெளிவானது: வியட்காங்கோடு அன்றாடச் சண்டையில் ஈடுபடக் கூடாது, மீண்டும் சொல்கிறோம், ஈடுபடக் கூடாது.

ஒரு விமானத் தளத்தைக் காப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பார்த்தால் அந்த 'மீண்டும் சொல்கிறோம்' எத்தனை நாள் தாங்கும் என்பது விளங்கும். வேலிக்குள் நின்று காவல் காத்தால், வேலிக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி ஒரு மோர்ட்டாரை நட்டு இரவில் சுட்டுவிட்டுப் போய்விடலாம். ஆகவே வேலிக்கு வெளியே ரோந்து போக வேண்டும். ரோந்து போகிறவர்களுக்கு மறைந்திருந்து தாக்குதல் விழும். எனவே மறைவிடங்களைத் தேடிப் போக வேண்டும். தேடிப் போனால் அது காவல் இல்லை. இதை முன்கூட்டியே சொன்னவர் அந்த மேக்ஸ்வெல் டெய்லரே. இப்போது அவர் சைகோனில் தூதர். தெற்கு வியட்நாமில் தரைப்படை இறக்குவதில்லை என்ற கொள்கையை ஒருமுறை உடைத்துவிட்டால் பிறகு எந்தக் கோட்டிலும் நிற்பது மிகக் கடினம் என்று பிப்ரவரி 22-ல் தந்தி அடித்தார். 1961-ல் வெள்ள நிவாரணம் என்று சொல்லிப் படை கேட்டவர் இப்போது தடுத்துப் பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே போய் உட்கார்ந்த பிறகு வந்த அறிவு. யாரும் கேட்கவில்லை. ஏப்ரல் 6-ல், மரைன்கள் இறங்கி ஒரு மாதம் ஆவதற்குள், 328 என்ற எண்ணிட்ட பாதுகாப்புக் குறிப்பில் அவர்களின் வேலை மாற்றப்பட்டது. இனித் தாக்கலாம். கூடவே, இந்த மாற்றத்துக்கு அவசர விளம்பரம் கூடாது, இது படிப்படியானது, ஏற்கெனவே உள்ள கொள்கைக்கு முற்றிலும் இசைவானது என்று தோன்ற வேண்டும் என்ற கட்டளையும் இருந்தது. நாட்டின் வரலாற்றைத் திருப்பிய முடிவு. திருப்பியதாகத் தெரியக் கூடாது என்பதும் முடிவின் ஒரு பகுதி. ஜூன் 8-ல் வெளியுறவுத் துறைச் செய்தித் தொடர்பாளர் வழக்கமான கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

அதற்கு முந்தைய நாள், தளபதி வெஸ்ட்மோர்லண்ட் மொத்தம் 44 பட்டாலியன்கள் கேட்டு எழுதியிருந்தார். ஜூலையில் ஜார்ஜ் பால் மறுபடியும் எழுதினார்: பெரும்படை இறங்கி இழப்புகள் தொடங்கியபின் திரும்புவது ஏறக்குறைய முடியாத காரியம். ஜூலை 28 நண்பகல், அதிகம் பேர் தொலைக்காட்சி பார்க்காத நேரத்தில், ஜான்சன் செய்தியாளர் கூட்டம் நடத்தினார். படை 75,000-லிருந்து 1,25,000 ஆகும். தேவைப்பட்டால் பிறகு இன்னும் போகும். கட்டாயச் சேர்க்கை மாதம் 17,000-லிருந்து 35,000 ஆகும். ரிசர்வ் படையை அழைக்கவில்லை. கொள்கையில் மாற்றமா என்ற கேள்விக்கு இல்லை என்றார். அதே கூட்டத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு ஏப் ஃபோர்ட்டஸை நியமிக்கும் அறிவிப்பையும் சேர்த்துச் சொன்னார். போர் அறிவிப்பு ஒரு நீதிபதி நியமனத்தோடு பத்தியில் பங்கு போட்டுக்கொண்டது.

எதற்காக இத்தனையும்? பாதுகாப்புத் துறையின் உதவிச் செயலர் ஜான் மெக்நாட்டன் 1965 மார்ச்சில் எழுதிய குறிப்பில் நோக்கங்களைச் சதவீதக் கணக்கில் பிரித்திருந்தார். அமெரிக்காவுக்கு அவமானகரமான தோல்வி வராமல் தடுக்க 70. தெற்கு வியட்நாமின் நிலம் சீனாவின் கைக்குப் போகாமல் தடுக்க 20. அங்குள்ள மக்கள் நல்ல, சுதந்திரமான வாழ்வு வாழ 10. வெளியே மேடையில் அந்தப் பத்துதான் நூறாகப் பேசப்பட்டது. எழுபதைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது தானாக வளரும் எண். மானத்தைக் காக்க 23,000 பேரை அனுப்பியவருக்கு, அவர்கள் தோற்கும்போது காக்க வேண்டிய மானம் முன்பைவிடப் பெரியது. விட்டதைப் பிடிக்க மறுபடி சீட்டு வாங்குகிறவரின் கணக்கு இது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்ற நிலைக்கு வந்துவிட்டால், அதன்பின் ஒவ்வொரு முழமும் நியாயமாகவே தெரியும்.

இந்த வாதத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும். படிப்படியாகப் போனதுதான் புத்திசாலித்தனம், ஒரேயடியாகப் போயிருந்தால் சீனா இறங்கியிருக்கும் என்பது முதலாவது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1950-ல் கொரியாவில் அமெரிக்கப் படை யாலு ஆற்றை நெருங்கியபோது சீனப் படை திரண்டு வந்ததை ஜான்சனின் ஆட்கள் மறக்கவில்லை. 1965 முதல் வடக்கு வியட்நாமில் சாலை போடவும் விமான எதிர்ப்புப் பீரங்கி இயக்கவும் சில ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சீனப் படையினர் மாறி மாறி வந்து போனார்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சம் உண்மை என்றால், ஜெயிக்கத் தேவையான அளவுக்குப் போகவே முடியாத ஒரு போர் இது என்பதும் உண்மை. அப்படியானால் 1961-லேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஜெனரல்களின் மறுப்பு இதற்கு நேரெதிரானது: மெதுவாகப் போனதால் எதிரிக்கு அவகாசம் கிடைத்தது, முதலிலேயே பலமாக அடித்திருக்க வேண்டும். அவகாசம் கிடைத்தது சரிதான். எண்ணெய்க் கிடங்குகளைச் சிறு சிறு பீப்பாய்களாகப் பிரித்து நாடெங்கும் ஒளித்துவைக்க ஹனோய்க்கு நேரம் இருந்தது. ஆனால் 1964 முழுவதும் சைகோனில் ஆட்சிக் கவிழ்ப்பு மாறி ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. தன் தலைநகரையே ஆள முடியாத ஓர் அரசாங்கத்துக்கு ஹனோயின் மேல் எத்தனை குண்டு போட்டால் கிராமங்களில் செல்வாக்கு வரும் என்று எந்த ஜெனரலும் விளக்கவில்லை.

இன்னொரு மறுப்பு இக்காலத்துக்குரியது, வலுவானதும்கூட. படிப்படியான உதவியே தவறு என்றால், தாக்கப்படும் சிறிய நாடுகளைப் பெரிய நாடுகள் கைவிட வேண்டுமா? 1941-ல் பிரிட்டனுக்கு அமெரிக்கா ஆயுதம் தந்ததும் படிக்கட்டுதானே? உக்ரைனுக்கு 2022 ஜனவரி 26-ல் ஜெர்மனி அறிவித்தது 5,000 தலைக்கவசங்கள். ஓராண்டு கழித்து 2023 ஜனவரி 25-ல் அறிவித்தது லெப்பர்டு டாங்கிகள். அங்கே குறை சொல்கிறவர்கள்கூட, ஏன் இவ்வளவு தாமதம் என்றுதான் கேட்டார்கள். படிக்கட்டு இருப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனுக்கு ஆயுதம் தர வழிசெய்த கடன்-குத்தகைச் சட்டம் இரண்டு மாதம் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டு, எதிர்த்தவர்கள் தாராளமாக எதிர்த்து, 1941 மார்ச் 11-ல் சட்டமானது. உக்ரைனுக்கான சுமார் 6,100 கோடி டாலர் உதவி 2024-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் சிக்கி நின்றுதான் ஏப்ரலில் தேறியது. சிக்கி நின்றதால் உக்ரைனுக்குச் சேதம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெளிப்படைத்தன்மைக்கு விலை உண்டு. ஆனால் அங்கே ஒவ்வோர் ஆயுதத்தின் பெயரும் செய்தித்தாளில் வந்தது. தன் படையை அனுப்பப் போவதில்லை என்ற கோட்டை அமெரிக்கா அறிவித்துவிட்டே உதவியது. டா நாங்கில் நடந்தது வேறு. அங்கே கூடியது ஆயுதத்தின் அளவு மட்டும் என்றால் எண்ணிப் பார்த்திருக்கலாம்; மாறியது வேலை. காவல்காரர் வேட்டைக்காரர் ஆனார், அதை எந்த அவையும் வாக்களித்துத் தீர்மானிக்கவில்லை.

இந்த வேறுபாட்டைத் தமிழ் வாசகர்களுக்கு வியட்நாமை வைத்து விளக்க வேண்டியதில்லை. 1987 ஜூன் 3-ல் ராமேசுவரத்திலிருந்து உணவு ஏற்றிப் போன 19 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானங்கள் மிராஜ் போர்விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் நிவாரணப் பொருட்களைப் போட்டன. ஜூலை 29-ல் கொழும்பில் ஒப்பந்தம். உடனே அமைதி காக்கும் படை. அக்டோபர் 10-ல் அந்தப் படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. படகில் அரிசி போனதிலிருந்து யாழ்ப்பாணத்தின் மேல் பீரங்கி சுட்டது வரை சரியாக நான்கு மாதம், ஒரு வாரம். ஒரு டிவிஷன் நான்கு டிவிஷன்கள் ஆயின. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். எந்த மக்களைக் காக்க என்று படை போனதோ அந்த மக்கள் வீட்டிலும், மருத்துவமனை வார்டிலும்கூட, செத்தார்கள். 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் கிளம்பியது. சென்னையில் இறங்கிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவர் போகாதது சரியா என்று இன்றும் வாதாடுகிறோம். அமைதி காக்கப் போன படை போர் செய்யும் படையாக மாறியதை எந்த நாளில், எந்த வாக்கெடுப்பில் இந்திய நாடாளுமன்றம் ஏற்றது என்று அந்த அளவுக்கு யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு வாக்கெடுப்பு தேவை என்று நம் அரசமைப்புச் சட்டமும் சொல்லவில்லை.

படியில் நின்றுகொள்ளவே முடியாதா என்றால், முடியும். 1980-களில் எல் சால்வடோர் உள்நாட்டுப் போரில் அமெரிக்க ராணுவப் பயிற்சியாளர்கள் 55 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று நாடாளுமன்றத்தின் நெருக்கடியால் ஒரு வரம்பு ஏற்பட்டது. கணக்கில் வித்தை காட்டினார்கள். மருத்துவக் குழு சேராது, வந்துபோகிறவர்கள் சேராது என்றார்கள். அந்த அரசு செய்த படுகொலைகளை அது தடுக்கவும் இல்லை. ஆனால் ஒரு அமெரிக்கப் போர்ப் பட்டாலியன்கூட அங்கே போகவில்லை. 342-க்கும் 55-க்கும் என்ன வித்தியாசம் என்றால், 55-ஐ வெளியில் நின்று எண்ணும் அதிகாரம் நிதி ஒதுக்குகிறவர்களிடமே இருந்தது. 1973 நவம்பரில் நிக்சனின் மறுப்பை மீறி நிறைவேறிய போர் அதிகாரச் சட்டம், அனுமதி இல்லாமல் 60 நாளுக்கு மேல் மோதலில் இருக்கக் கூடாது என்கிறது. 2011-ல் லிபியாவில் அந்த 60 நாள் கடந்தபோது ஒபாமாவின் வழக்கறிஞர்கள், அங்கே நடப்பது சட்டம் சொல்லும் பொருளில் 'மோதல்' இல்லை என்று வாதிட்டார்கள். ஆலோசனை, பயிற்சி, காவல், அமைதி காத்தல், மோதல் அல்லாத குண்டுவீச்சு. எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே அனுப்பப்பட்ட படையின் வேலை மாறும் ஒவ்வொரு முறையும் புதிய வாக்கெடுப்பு வேண்டும், அந்த அனுமதிக்கும் ஒரு காலாவதித் தேதி வேண்டும். தேதி வந்தால் தானாகத் தீர்ந்துபோக வேண்டும், நீட்டிக்க விரும்புகிறவர்தான் எழுந்து நின்று வாதிட வேண்டும். அரசின் கை கட்டப்படுகிறது என்பார்கள். அவசரத்தில் ஒரு கப்பலை அனுப்ப இது தடையாகாது. ஏப்ரல் 6-ஆம் தேதிக் குறிப்பைப் பூட்டிவைக்க மட்டும்தான் தடை.

1968 மார்ச் 1-ல் பாதுகாப்புத் துறைச் செயலராகப் பதவியேற்ற கிளார்க் கிளிஃபோர்டு போரை ஆதரித்தவர். பதவியேற்ற கையோடு அவர் மேசைக்கு வந்தது இன்னும் 2,06,000 பேர் வேண்டும் என்ற கோரிக்கை. அவர் தளபதிகளை உட்காரவைத்துக் கேட்கத் தொடங்கினார். 2,06,000 பேர் போதுமா? சொல்ல முடியாது. போதாவிட்டால் இன்னும் எத்தனை பேர்? தெரியாது. குண்டுவீச்சு போரை நிறுத்துமா? அதனால் மட்டும் நிறுத்தாது. எத்தனை நாள் ஆகும்? யாராலும் ஒரு தேதி தர முடியவில்லை. ஜெயிப்பதற்கான திட்டம் என்ன? எதிரி களைத்துப்போகும் வரை தொடர்வது. களைத்துப்போகும் அறிகுறி தெரிகிறதா? இல்லை. மாதக் கடைசியில் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, குண்டுவீச்சைக் குறைப்பதாகவும் மீண்டும் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். அதற்குள் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள். கிளிஃபோர்டு கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட, 'கோர்' கப்பல் சைகோன் ஆற்றில் திரும்பிய அந்த நாளில் கேட்டிருக்க முடியாத கேள்வி இல்லை.